வெளியே வெயில், ஆற்றிலோ பனி: விடுமுறையில் நீரில் இறங்குவோருக்கு

(திரையில்: இரண்டு வெப்பமானிகள். கரையில் இருப்பது 30 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது; ஆற்றுக்குள் இருப்பது 15.)

ஜூன் மாதம். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குப் போயிருக்கிறீர்கள். பெர்ன் நகரை வளைத்துக்கொண்டு ஆரே ஆறு பச்சை நிறத்தில் ஓடுகிறது. வெயில் நம் ஊரைப் போலவே சுடுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் தொப் தொப்பென்று குதிக்கிறார்கள். "நமக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்று நீங்களும் கிளம்புகிறீர்கள்.

அங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

நாம் வீட்டில் ஏர்கானை 25 டிகிரியில் வைக்கிறோம். ஜூன் தொடக்கத்தில் ஆரே ஆற்றின் நீர் சுமார் 15 டிகிரிதான் இருக்கும். கோடை முற்றிய பிறகே அது 20 டிகிரியை எட்டுகிறது. குளிர்காலத்தில் 5 டிகிரி வரை இறங்கிவிடும். நம்மைச் சுற்றியுள்ள கடலோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 27 முதல் 31 டிகிரிக்குள் இருக்கிறது. நீச்சல் குளங்களும் பெரும்பாலும் திறந்தவெளியில் வெயில் காய்பவை. இங்கே வளர்ந்த உடம்புக்குக் குளிர்ந்த ஆறு என்றால் என்னவென்றே தெரியாது. ஆறே பழக்கமில்லை என்றுகூடச் சொல்லலாம். 2008இல் மரினா அணை வந்த பிறகு சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் நீர்த்தேக்கத்தோடு சேர்ந்துவிட்டன. நீர்த்தேக்கங்களிலும் கால்வாய்களிலும் நினைத்தபடி இறங்கி நீந்த அனுமதி கிடையாது.

2010 முதல் நம் பிள்ளைகள் சுவிம்சேஃபர் திட்டத்தில் நீச்சல் கற்கிறார்கள். அருமையான திட்டம். மிதக்கவும் உயிர் காக்கவும் சொல்லித் தருகிறது. தங்கச் சான்றிதழ் வாங்கிய பிள்ளையைப் பார்த்து நாம் பெருமைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் வெதுவெதுப்பான குளத்தில் வாங்கியது என்பதைப் பெற்றோர் மறக்கக் கூடாது.

வெயில் இப்படிக் கொளுத்தும்போது ஆறு ஏன் குளிர்கிறது?

தண்ணீர் மெல்லத்தான் சூடேறும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஆற்றின் பிறப்பிடம். ஆரே ஆறு ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளில் பிறக்கிறது. கங்கை கங்கோத்ரியிலிருந்து வருகிறது. வெயில் ஏற ஏற மலையில் பனி உருகும். உருகிய நீர் ஆற்றில் பெருகும். அதனால்தான் மே மாதத்தில் ரிஷிகேஷில் மேலே தலை காய்ந்தாலும், படித்துறையில் வைத்த கால் விறைக்கிறது. டிசம்பர் விடுமுறையில் நியூசிலாந்துக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே அப்போது கோடைக்காலம். ஆனாலும் குவீன்ஸ்டவுனின் வாகடிப்பு ஏரி பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே நிற்கிறது.

(திரையில்: மனித உடலின் வரைபடம். தோல், நுரையீரல், இதயம்.)

இனி வருவதைக் கவனமாகக் கேளுங்கள். குளிர்நீரில் உயிர் போவதென்றால் உடம்பு மெல்ல மெல்ல விறைத்துத்தான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான ஆபத்து முதல் நிமிடத்திலேயே வந்துவிடுகிறது.

தோல் திடீரென்று குளிர்ந்ததும் நம்மைக் கேட்காமலேயே வாய் திறந்து பெருமூச்சு ஒன்றை உள்ளே இழுக்கிறது. அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால், காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் உள்ளே போகும். அடுத்து மூச்சு படபடவென்று வாங்கும்; அடக்க முயன்றாலும் அடங்காது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். முகம் நனைந்தால் இதயத்தை மெதுவாக்கும் இன்னொரு அனிச்சைச் செயலும் சேர்ந்துகொள்ளும். ஒன்று விரட்ட, ஒன்று தடுக்க, இதயத் துடிப்பின் ஒழுங்கே குலையலாம். இதய நோய் உள்ளவர்களுக்கு இது மிகவும் ஆபத்தானது. இதற்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர். எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரரையும் இது விட்டுவைப்பதில்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. ஓரிரு நிமிடங்களில் இந்த அதிர்ச்சி தணிந்துவிடும். அதுவரை நீந்திக் கரையேறத் துடிக்காதீர்கள். மல்லாந்து படுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் நீரில் நனையும்படி வைத்துக்கொண்டு, கைகளை மெல்ல அசையுங்கள். மூச்சு உங்கள் வசம் வந்த பிறகு கரையை நோக்கலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கடல் மீட்புப் படகுத் தொண்டர்கள் ஊர் ஊராகச் சொல்லிவரும் பாடம் இது. நம் பிள்ளைகளை இங்குள்ள குளத்திலேயே இதற்குப் பழக்கிவிட்டு அழைத்துப் போகலாம்.

அதிர்ச்சி தணிந்த பிறகும் நீண்ட நேரம் கிடைக்காது. நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கைகால் தசைகள் குளிரக் குளிர விரல்கள் கூடாமல் போகும். கைப்பிடியைப் பற்றக்கூட முடியாது. உடலின் உள்வெப்பம் குறைவது அதற்கெல்லாம் பிறகுதான்.

ஆகவே இறங்குவதற்கு முன் நீரின் வெப்பநிலையைக் கேளுங்கள். ஆரே ஆற்றுக்கு அதை அன்றாடம் வெளியிடுகிறார்கள். 15 டிகிரியோ அதற்குக் கீழோ என்றால், கரையில் உட்கார்ந்து காலை நனைத்தாலே போதும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேல் என்றாலும் குதிக்க வேண்டாம். கை, கால், கழுத்து என்று நனைத்தபடி படிப்படியாக இறங்குங்கள். மது அருந்தியிருந்தால் நீர்ப்பக்கமே போகாதீர்கள்.

எங்கே ஏறுவது என்று பார்த்துவைத்துக்கொண்டு இறங்குவதும் முக்கியம். பெர்னில் கரையேறும் இடங்களில் சிவப்பு வண்ணக் கைப்பிடிகள் இருக்கின்றன. நீரோட்டம் இழுத்துப்போகும் வேகத்தில் அவற்றை முன்கூட்டியே எட்டிப் பிடித்தாக வேண்டும். ஹரித்துவாரில் படித்துறையோரம் இரும்புச் சங்கிலிகள் கட்டியிருக்கிறார்கள். முழுக்குப் போடும் தாத்தா பாட்டியின் கை அந்தச் சங்கிலியில் இருக்க வேண்டும். பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவரும் நிற்க வேண்டும்.

காவிரியில் குளிர் ஒரு பொருட்டே இல்லை. மணல் அள்ளிய குழிகளும், அணை திறந்ததும் ஏறும் வெள்ளமும்தான் அங்கே எமன். மலேசியாவின் அருவிகளிலும் மேலே மலையில் மழை பெய்தால் கீழே சட்டென்று வெள்ளம் பாயும். நீர் கலங்கத் தொடங்கினாலே வெளியேறிவிடுங்கள்.

சிங்கப்பூருக்குள்ளும் ஒன்று உண்டு. ஜனவரி மழையில் நீச்சல் வகுப்பு முடித்து வரும் சிறுபிள்ளையின் உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். 27 டிகிரி நீரும் உடலைவிடக் குளிர்ந்ததுதான். ஒல்லியான பிள்ளைகள் வெப்பத்தைச் சீக்கிரம் இழந்துவிடுவார்கள். நடுக்கம் கண்டதும் வெளியே அழைத்துவிடுங்கள். "பாடம் இன்னும் பத்து நிமிடம் இருக்கிறதே" என்று பார்க்க வேண்டாம்.

கரையேறிய பிறகும் சிறிது நேரத்துக்கு உள்வெப்பம் குறைந்துகொண்டே போகும். ஈர உடையை உடனே களைந்து, துடைத்து, உலர்ந்த உடை போட்டுவிடுங்கள். உடனே கொதிக்கும் வெந்நீரில் நிற்கக் கூடாது. மற்றவர் தத்தளிப்பதைக் கண்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறோ மிதவையோ எறிந்துவிட்டு, மல்லாந்து மிதக்கச் சொல்லிக் குரல் கொடுங்கள். கூடவே உதவிக்கு அழையுங்கள்: ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 112, நியூசிலாந்தில் 111, இங்கே 995.