அரசனைத் தட்டிக்கேட்க யாருக்கு உரிமை?

நேயர்களுக்கு வணக்கம்.

1572 ஆகஸ்ட் 18ஆம் தேதி பாரீஸில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை நவார் நாட்டு ஹென்றி, புராட்டஸ்டண்ட். பெண் மார்கரீத், பிரான்ஸ் அரசன் ஒன்பதாம் சார்லஸின் தங்கை, கத்தோலிக்கர். பத்து வருடமாக விட்டுவிட்டு நடந்த மதப் போர் இந்தச் சம்பந்தத்தோடு தீர்ந்துபோகும் என்று நம்பி, ஹியூகனாட்டுகள் எனப்பட்ட பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளின் பெரிய தலைகளெல்லாம் ஊருக்குள் வந்து தங்கியிருந்தார்கள். நான்கு நாள் கழித்து அவர்களுடைய தலைவர் கொலின்யீயைத் தெருவில் வைத்துச் சுட்டார்கள். காயத்தோடு பிழைத்தார். 24ஆம் தேதி, புனித பர்த்தலமேயு திருநாள் விடியும் முன்பே, அவர் தங்கியிருந்த வீட்டுக்குள் புகுந்து கொன்று, உடலை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார்கள். அப்புறம் ஊரெங்கும் வெட்டு. பாரீஸில் மட்டுமே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

நான் பேச வந்தது அந்தக் கொலைகளைப் பற்றியல்ல, இரண்டு நாள் கழித்து நடந்ததைப் பற்றி. 26ஆம் தேதி அரசன் பாரீஸ் உயர்நீதிமன்றத்துக்கு வந்து, நடந்ததெல்லாம் என் உத்தரவின்படிதான் என்று பொறுப்பேற்றுக்கொண்டான்.

அதுவரை ஹியூகனாட்டுகள் ஆயுதம் எடுத்தபோதெல்லாம் ஒரே சமாதானம்தான் சொல்லிவந்தார்கள். ராஜா நல்லவர், சுற்றியிருப்பவர்கள்தான் சரியில்லை. கத்தோலிக்கப் பிரபுக்களான கீஸ் குடும்பத்தின் பிடியிலிருந்து அவரை மீட்கத்தான் போராடுகிறோம் என்பது அவர்கள் வாதம். அரசனே வந்து ‘நான்தான்’ என்று சொன்ன பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை. இனி அரசனையே எதிர்ப்பது சரியா என்று நேராகக் கேட்டாக வேண்டும்.

கேட்பது சுலபமாக இல்லை. வேதாகமத்தில் ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் குறுக்கே நின்றது: “எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்.” ஜெர்மனியில் புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூதர் வெகுகாலம் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலிருந்த கத்தோலிக்கப் பேரரசர் படையோடு வந்துவிடுவார் என்ற பயம் 1530 வாக்கில் வந்த பிறகுதான், சாக்சனியின் சட்ட அறிஞர்கள் சொன்ன நியாயங்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார். 1550இல் ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரம் ஒரு படி மேலே போனது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் திணித்த சமயச் சட்டத்தை ஏற்க மறுத்த அந்த நகரத்தின் போதகர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மேலே இருக்கும் அதிகாரி அநியாயம் செய்தால், கீழே இருக்கும் அதிகாரிக்கு அதைத் தடுக்கும் கடமை உண்டு என்பது அதன் சாரம். நகரம் ஒரு வருடத்துக்கு மேல் முற்றுகையில் இருந்தது. கடைசியில் சரணடைந்தாலும் தன் மதத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

கவனியுங்கள், கீழே இருக்கும் அதிகாரி. சாதாரணக் குடிமகன் அல்ல. ஜெனீவாவின் புராட்டஸ்டண்ட் தலைவர் கால்வினும் இதைத்தான் சொன்னார். தனி மனிதன் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஜெபிக்க வேண்டும். ஆனால் ஸ்பார்ட்டாவின் எபோர்கள், ரோமின் ட்ரிப்யூன்கள் போல அரசனைக் கட்டுப்படுத்தவே ஏற்பட்ட பதவிகள் இருந்தால், அந்தப் பதவியில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது மக்களுக்குச் செய்யும் துரோகம். கிறிஸ்தவக் கோட்பாடுகளை விளக்கும் தன் பெரிய புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் இதற்குச் சில வரிகள்தான் கொடுத்தார். 1572க்குப் பிறகு அந்தச் சில வரிகள் முழுப் புத்தகங்களாயின.

கால்வினுக்குப் பின் ஜெனீவா சபைக்குத் தலைமை ஏற்ற தியோடர் பேசா, கீழ் அதிகாரிகளின் உரிமை பற்றி ஒரு நூல் எழுதினார். அச்சிட ஜெனீவா நகர மன்றம் அனுமதி தரவில்லை. பக்கத்திலிருக்கும் பிரான்ஸைப் பகைத்துக்கொள்ள அதற்குத் துணிவில்லை. 1574இல் நூல் ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது. இது 1550இல் மாக்டபுர்க்கார்கள் வெளியிட்டது, இப்போது திருத்திய பதிப்பு என்று முகப்பிலேயே ஒரு புளுகு. 1579இல் ‘கொடுங்கோலருக்கு எதிரான நியாயங்கள்’ என்ற பொருள்படும் தலைப்போடு இன்னொரு லத்தீன் நூல் வந்தது. எடின்பரோவில் அச்சானது என்று போட்டிருக்கும், அச்சானது பாசெலில். ஆசிரியர் ஸ்டெபானுஸ் யூனியுஸ் புரூட்டஸ் என்றிருக்கும். அப்படி ஓர் ஆள் கிடையாது. பிலிப் து பிளெஸ்ஸி மோர்னே எழுதினாரா, ஊபேர் லாங்கே எழுதினாரா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நூலின் அஸ்திவாரம் வேதத்திலிருந்தே வருகிறது. அத்தாலியாள் அரசுரிமையைப் பறித்துக்கொண்டு ஆண்டபோது, ஆசாரியன் யோய்தா சிறுவன் யோவாஸை மறைத்து வளர்த்து முடிசூட்டிய கதை நம்மில் பலருக்குத் தெரியும். அன்றைக்கு யோய்தா இரண்டு உடன்படிக்கைகள் செய்துவைத்தான் என்று இரண்டாம் ராஜாக்கள் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒன்று, ராஜாவும் ஜனங்களும் சேர்ந்து கர்த்தரோடு செய்தது. மற்றொன்று, ராஜாவும் ஜனங்களும் ஒருவரோடொருவர் செய்தது. முதல் உடன்படிக்கையில் ஜனங்களும் ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாதிரிதான் என்கிறார் ஆசிரியர். ராஜா வழி தவறினால் ஜாமீன்தாரரும் பதில் சொல்ல வேண்டுமே, பிறகு எப்படிச் சும்மா இருப்பது? இரண்டாவதில் ராஜா நீதியாக ஆள்வேன் என்கிறான், ஜனங்கள் அப்படி ஆண்டால் கீழ்ப்படிவோம் என்கிறார்கள். அவன் நிபந்தனையை மீறினால் இவர்கள் கட்டு அவிழ்ந்தது.

இங்கே ‘ஜனங்கள்’ என்றால் தெருவில் போகிற எல்லோரும் அல்ல. நகர அதிகாரிகள், பிரபுக்கள், நாட்டின் சபைகள். முறையாக முடிசூடிய அரசன் கொடுங்கோலனானால், பதவியில்லாத தனி ஆளுக்குக் கத்தி எடுக்க உரிமையில்லை. பட்டத்துக்கு உரிமையே இல்லாமல் வந்து உட்கார்ந்தவனாக இருந்தால் மட்டும் யாரும் எதிர்க்கலாம். இவர்களை ஜனநாயகத்தின் தாத்தாக்கள் என்று கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஸ்காட்லாந்து அறிஞர் ஜார்ஜ் புக்கானன் மட்டும் இந்த எல்லையோடு நிற்கவில்லை. அதே 1579இல் வெளிவந்த அவருடைய நூலில், கொடுங்கோலனைத் தனி மனிதன்கூடக் கொல்லலாம் என்றார். அதை யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? தன்னிடம் படித்த 13 வயதுச் சிறுவன், ஸ்காட்லாந்து அரசன் ஆறாம் ஜேம்ஸுக்கு! பையனைப் பிரம்பால் வெளுத்தவர் என்று வேறு கதைகள் உண்டு. பாடம் ஏறவில்லை. வளர்ந்த ஜேம்ஸ், அரசன் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று 1598இல் தானே புத்தகம் போட்டான். ஆசிரியரின் நூலை அதற்கு முன்பே, 1584இல், நாடாளுமன்றம் கண்டித்திருந்தது.

அதே 1584இல் பிரான்ஸில் பட்டத்துக்கு அடுத்திருந்த இளவரசர் இறந்தார். அடுத்த வாரிசு யாரென்று பார்த்தால், அந்தக் கல்யாண மாப்பிள்ளை நவார் ஹென்றி. சரி, கதை தலைகீழ். பழைய காலத்தில் பிரெஞ்சு மக்கள்தான் அரசனைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று 1573இல் எழுதிய பிரான்சுவா ஓத்மன், இப்போது ஹென்றியின் வாரிசு உரிமைக்காக எழுதினார். ஹியூகனாட்டுகளின் பழைய வாதங்களைக் புராட்டஸ்டண்ட் ஒருவர் அரசனாவதை எதிர்த்த கத்தோலிக்க லீக் என்ற அணி கையில் எடுத்துக்கொண்டது. 1589இல், சார்லஸுக்குப் பின் ஆண்ட அவன் தம்பி மூன்றாம் ஹென்றி அரசனைக் கத்தியால் குத்திக் கொன்றவர் ஒரு கத்தோலிக்கத் துறவி.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு இரண்டு தரப்பும் ஒன்றுதான். 1683இல் அது ஆபத்தான கொள்கைகள் என்று ஒரு பட்டியல் போட்டு, புத்தகங்களை முற்றத்தில் வைத்துக் கொளுத்தியது. புக்கானன், யூனியுஸ் புரூட்டஸ், மில்டன் ஆகியோரோடு ஏசுசபைக் கர்தினால் பெல்லார்மினும் அதே நெருப்பில் போனார். ஐந்தே வருடத்தில் இங்கிலாந்து தன் அரசனைத் துரத்திவிட்டு வேறொருவரை அழைத்துவந்தது. 1710இல், ஆக்ஸ்போர்டு போட்ட அந்தத் தீர்மானத்தையே தூக்குக்காரன் கையால் எரிக்கும்படி பிரபுக்கள் சபை உத்தரவு போட்டது.

நன்றி, வணக்கம்.