பத்துப் பேரும் தூங்கினார்கள்

நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னியர் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விளக்குகளோடு மணவாளனை எதிர்கொள்ளப் போகிறார்கள், அவர் வரத் தாமதமாகிறது. புத்தியில்லாத ஐந்து பேர் தூங்கிவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். வேதத்தை எடுத்துப் பாருங்கள், பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். ஆமாம், புத்தியுள்ளவர்களும்தான்! நடுராத்திரியில் சத்தம் கேட்டு எழுந்தபோது ஐந்து பேரிடம் விளக்குக்கு எண்ணெய் இருந்தது, மற்ற ஐந்து பேரிடம் இல்லை. அந்தக் கதையை முடிக்கும்போதுதான் இயேசு, "விழித்திருங்கள்" என்கிறார். படுக்கும் முன்பே எண்ணெய் எடுத்து வைத்தவர்களைத்தான் அவர் விழித்திருந்தவர்களாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்.

முழு இரவு ஜெபத்தில் கண் அசந்துவிட்டதே என்று வருந்துகிற தாய்மாரிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். நாள் முழுக்க உழைத்த உடம்பு தூங்கத்தான் செய்யும். அது பாவமில்லை.

எலியா தீர்க்கதரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடியவர், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அப்படியே தூங்கியும் போகிறார். தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். ஒரு கண்டிப்பு உண்டா? ஒரு பிரசங்கம் உண்டா? எழுந்து சாப்பிடு என்கிறான், அவ்வளவுதான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, கவனியுங்கள். இரண்டாம் முறை எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்கிறான். அந்தப் பலத்தில்தான் அவர் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனார். கடவுளின் மெல்லிய சத்தத்தை அங்கேதான் கேட்டார். முதலில் தூக்கமும் அடையும், அப்புறம்தான் தரிசனம்.

சரி, பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு சீஷர்களைக் கேட்டாரே, ஒரு மணி நேரம் விழித்திருக்கக் கூடாதா என்று? கேட்டார்தான். ஆனால் அவர்கள் துக்கத்தினால் தூங்கினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். மாம்சம் பலவீனமுள்ளது என்று இயேசுவும் அவர்களுக்காக இரங்கிப் பேசுகிறார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அந்தச் சீஷர்களில் ஒருவரான பேதுரு பிரதான ஆசாரியனின் முற்றத்தில், சேவல் கூவும் நேரம்வரை, நெருப்பருகே குளிர்காய்ந்தபடி விழித்துக்கொண்டுதான் இருந்தார். இயேசுவை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்தது அப்போதுதான்! தோட்டத்தில் ஜெபித்துச் சேர்த்திருக்க வேண்டிய எண்ணெய் அவரிடம் இல்லை.

மரணத்தை வேதம் நித்திரை என்று சொல்வதைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. இறந்துபோன தம் சிநேகிதனைக் குறித்து, லாசரு நித்திரையடைந்திருக்கிறான், அவனை எழுப்பப் போகிறேன் என்கிறார் இயேசு. யோவான் 11ஆம் அதிகாரத்தையும் 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தையும் இன்றைக்கே சேர்த்து வாசியுங்கள். அன்பானவர்களை இழந்த வீடுகளில் சத்தமாகவே வாசியுங்கள்.

நன்றி, வணக்கம்.