கொல்கத்தா டெர்பி: மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஏன் இப்படி மோதிக்கொள்கின்றன?

[திரையில்: சால்ட் லேக் ஸ்டேடியம். ஒரு பக்கம் மோகன் பகானின் பச்சை–மெரூன், மறுபக்கம் ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு–மஞ்சள்]

கொல்கத்தாவில் கால்பந்துப் பேச்சு தொடங்கினாலே முதலில் வருகிற கேள்வி, "நீங்கள் மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்பதுதான். மூன்றாவதாக 1891-இல் பிறந்த முகமதன் ஸ்போர்ட்டிங் இருக்கிறது, அதற்கும் பெரிய வரலாறு உண்டு. ஆனால் குடும்பத்துக்குள்ளேயே ஆளை ஆள் பார்க்க விடாமல் செய்வது இந்த இரண்டு கிளப்புகள்தான். ஒரே ஊரைச் சேர்ந்த இவை மோதும் ஆட்டத்தைத்தான் டெர்பி என்கிறார்கள்.

மோகன் பகான் 1889-இல் தொடங்கியது. அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1911 ஜூலை 29. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கால்பந்துக் கோப்பையின் இறுதிப் போட்டியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அணியை 2–1 என்று தோற்கடித்தார்கள். பதினொரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் ஒரே ஒருவர். ஆளுகிறவனை அவனுடைய ஆட்டத்திலேயே ஜெயிக்க முடியும் என்று வங்காளம் முழுக்கக் கொண்டாடியது. அன்றைக்கு அது எல்லோருடைய கிளப்.

அப்புறம் 1920. மோகன் பகானுக்கு எதிராக ஆடவேண்டிய ஜோராபகான் அணி, சைலேஷ் போஸ் என்ற வீரரைக் கடைசி நேரத்தில் உட்கார வைத்தது. அந்த கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி எவ்வளவோ கேட்டுப் பார்த்தார், யாரும் காது கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு வெளியேறியவர், ஆகஸ்ட் 1-ஆம் தேதி நண்பர்களோடு சேர்ந்து புது கிளப் ஆரம்பித்துவிட்டார். தங்கள் பூர்வீகமான கிழக்கு வங்காளத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: ஈஸ்ட் பெங்கால்.

[திரையில்: 1947 வரைபடம், நடுவே எல்லைக்கோடு]

இதோடு நின்றிருந்தால் இது சாதாரண கிளப் சண்டை. அதை வேறு ஒன்றாக மாற்றியது தேசப் பிரிவினை. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானுக்குப் போனது. லட்சக்கணக்கானவர்கள் வீடு, நிலம், குளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு கொல்கத்தா வந்தார்கள். ஜாதவ்பூர் பக்கம் காலி நிலங்களில் தாங்களே குடியிருப்புகள் போட்டுக்கொண்டார்கள். நகரத்தின் பழைய ஆட்களுக்கு 'கோட்டி' என்று பெயர், வந்தவர்களுக்கு 'பாங்கால்'. அவர்களுடைய பேச்சு வழக்கைக் கேட்டே சிரித்தவர்கள் உண்டு. ஊர் பெயர் வரைபடத்திலிருந்தே போய்விட்ட மனிதர்களுக்கு, அந்தப் பெயரைத் தாங்கி ஆடுகிற ஒரு அணி எப்படி இருந்திருக்கும்? என்னைக் கேட்டால் இந்தப் பகையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. இழந்த ஊருக்குப் பதிலாக அவர்களிடம் மிஞ்சியது ஒரு கிளப்.

அந்தக் காயம் ஆறிவிடவில்லை. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக நாடே கொதித்த 2020 ஜனவரியில், டெர்பி நடக்கும்போது ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கேலரியில் ஒரு பெரிய பேனரை விரித்தார்கள். இந்த மண் ரத்தம் கொடுத்து வாங்கியது, காகிதம் கொடுத்து அல்ல என்பது அதன் வாசகம்.

இவ்வளவு மண் பாசம் உள்ள கிளப்பை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் யார் தெரியுமா? அகமது கான், அப்பாராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ். ஐந்து பேருமே தென்னிந்தியர்கள். ரசிகர்கள் இன்றைக்கும் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றே சொல்கிறார்கள். ஜெர்சி போட்டுவிட்டால் எந்த ஊர்க்காரனும் நம்மவன்தான்.

சாப்பாட்டிலும் இந்தக் கட்சி உண்டு. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் பெரிய இறால். ரசிகர்கள் மீனையும் இறாலையும் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டே ஸ்டேடியத்துக்கு வருவதும் உண்டு.

[திரையில்: கறுப்புப் பின்னணி, "1980 ஆகஸ்ட் 16"]

ஆனால் இந்த வெறி உயிரையும் வாங்கியிருக்கிறது. 1975 ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என்று ஜெயித்தபோது, தாங்க முடியாமல் ஒரு மோகன் பகான் ரசிகர் தற்கொலை செய்துகொண்டார். 1980-இல் ஈடன் கார்டன்ஸில் டெர்பியின் நடுவே கேலரியில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்கள் நினைவாக ரத்த தான முகாம் நடக்கிறது. டெர்பியின் பெருமை பேசுகிற யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

சரி, டெர்பியின் உச்சம் எது? 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக்கில் அன்றைக்குக் கூடியவர்கள் 1,31,781 பேர். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா 'டைமண்ட்' என்ற புது வியூகத்தோடு எதிரணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன்பே ஈஸ்ட் பெங்காலின் பாய்ச்சுங் பூட்டியாவை 'சும்சும்' என்று இனிப்புப் பெயர் சொல்லியும், ஒமோலோவை 'ஆம்லெட்' என்றும் கிண்டலடித்தார். ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி அதை வைத்தே தன் பையன்களுக்குச் சூடேற்றினார். முடிவு ஈஸ்ட் பெங்காலுக்கு 4–1. பூட்டியா ஹாட்ரிக். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஆட்டத்தைக் கண் முன்னே நடப்பதுபோல் விவரிப்பார்கள்.

[திரையில்: 2024 ஆகஸ்ட் 18, ஸ்டேடியம் வாசல்]

2024 ஆகஸ்டில், ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நகரமே தெருவில் நின்றது. பாதுகாப்பைக் காரணம் காட்டி டூரண்ட் கோப்பை டெர்பியை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும் முகமதன் உட்பட மூன்று கிளப் ரசிகர்களும் ஸ்டேடியம் வாசலுக்கு வந்தார்கள். கோட்டி, பாங்கால் எல்லோருக்கும் ஒரே குரல் என்று நீதி கேட்டுக் கோஷம் போட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. சிவப்பு–மஞ்சள் ஜெர்சிக்காரரின் தோளில் பச்சை–மெரூன் ஜெர்சிக்காரர் உட்கார்ந்திருக்கும் படம் அன்றைக்கு நாடு முழுக்கப் போனது.

இன்றைக்கு இரண்டு கிளப்புகளும் இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐ.எஸ்.எல்.-இல் ஆடுகின்றன, பணம் பெரிய நிறுவனங்களுடையது. 2020-இல் மோகன் பகான் பெயருக்கு முன்னால், அதோடு இணைந்த இன்னொரு கொல்கத்தா கிளப்பின் பெயரான ஏ.டி.கே.-வை ஒட்டியபோது ரசிகர்கள் விடவில்லை. மூன்று ஆண்டுகள் கத்தினார்கள், 2023-இல் அந்த ஒட்டு போயிற்று. கிளப்பை வாங்கியவருக்குக் கூட அதன் பெயரில் கை வைக்க உரிமை இல்லை என்று அவர்கள் நினைத்தது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

டெர்பி பார்க்க கொல்கத்தா போகிறவர்களுக்கு ஒன்று: டிக்கெட் எடுக்கும்போது எந்தக் கட்சியின் கேலரி என்று கேட்டுக்கொள்ளுங்கள், சட்டையை அதற்கேற்றபடி போட்டுக்கொள்ளுங்கள்.