பல்கலைக்கழகம் அரண்மனையில் பிறக்கவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்களைப் பெற்றெடுத்தது அரசும் திருச்சபையுமே" என்று எதிரணித் தோழர் அடித்துப் பேசினார். பேரரசர் பிரெடரிக் பார்பரோசா மாணவர்களுக்குக் கொடுத்த சாசனத்தைச் சான்றாகக் காட்டினார். சரி, அந்தச் சாசனத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அது 12ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே இத்தாலியின் போலோனியாவில் இர்னேரியுஸ் என்ற ஆசிரியர் ரோமானியச் சட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பாடம் கேட்க ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு அந்த நகரத்தில் குடியுரிமை கிடையாது. ஒருவன் கடனைக் கட்டாமல் ஓடிப்போனால், அவன் நாட்டுக்காரன் இன்னொருவனைப் பிடித்து வசூலிப்பார்கள். இந்தக் கொடுமையைச் சாசனம் தடுத்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த படிப்புக்குப் பேரரசர் காவல் போட்டார், அவ்வளவுதான்!

அப்புறம் அந்த மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கைவினைஞர்களும் வணிகர்களும் வைத்திருந்ததைப் போலத் தங்களுக்கும் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம்தான் பல்கலைக்கழகம் ஆனது. தலைவரை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தலைவருக்குக் கட்டுப்படுவதாகப் பேராசிரியர் சத்தியம் செய்ய வேண்டும்! வகுப்புக்குத் தாமதமாக வந்தால் அபராதம். மணி அடித்தும் பாடத்தை நிறுத்தாவிட்டால் அபராதம். கடினமான பகுதியை விட்டுவிட்டுத் தாண்டிப் போனாலும் அபராதம். ஆசிரியரின் ஊதியம் அன்று மாணவர் கையிலிருந்து போனது, அதிகாரமும் அவர்களிடமே இருந்தது. இந்த விதிகளை எந்த மன்னர் எழுதிக் கொடுத்தார், நடுவர் அவர்களே?

பாரிஸில் சங்கம் ஆசிரியர்களுடையது. 1229இல் மதுக்கடைத் தகராறு ஒன்று முற்றி, காவலர்கள் மாணவர்களைக் கொன்றார்கள். ஆசிரியர்கள் வகுப்புகளை நிறுத்திவிட்டு நகரத்தைவிட்டே கிளம்பினார்கள். 1231இல் போப் ஒன்பதாம் கிரகோரி இறங்கி வந்தார். அநீதி நடந்து நியாயம் கிடைக்காவிட்டால் வகுப்பை நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். அதைத் திருச்சபையின் கொடை என்கிறார் தோழர். உயிர்களைப் பறிகொடுத்தவர்கள் போராடி வாங்கியது ஐயா அது!

சொந்தக் கட்டடம்கூட இல்லாத காலம். வாடகை அறைதான் வகுப்பறை. அதனால் மனம் நொந்தால் எழுந்து போக முடிந்தது. 1209இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியேறியவர்களால்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். 1222இல் போலோனியாவிலிருந்து வெளியேறியவர்களால்தான் இத்தாலியின் படுவா பல்கலைக்கழகம்.

மன்னர் ஆணையால் பிறந்த பல்கலைக்கழகமும் உண்டு, மறுக்கவில்லை. 1224இல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் நேப்பிள்ஸில் ஒன்றைத் தொடங்கினார். தொடங்கியதோடு, தம் குடிமக்கள் வேறெங்கும் போய்ப் படிக்கக் கூடாது என்று தடையும் போட்டார். போலோனியாவுக்கு மலை தாண்டித் தாமாகவே வந்தார்களே, நேப்பிள்ஸுக்கு ஏன் தடை போட்டு ஆள் சேர்க்க வேண்டியிருந்தது? அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் இதற்குப் பதில் சொல்லட்டும்.