ஏழடி வாலுயெவ் எதிரே: ஹோலிஃபீல்டும் ஹேயும்

[திரையில்: ரிங் நடுவே இருவர். ஒருவரின் உச்சந்தலை மற்றவரின் தாடைக்குத்தான் எட்டுகிறது.]

உயரமாக நிற்பவர் நிக்கோலாய் வாலுயெவ், ரஷ்யக் குத்துச்சண்டை வீரர். ஏழடி உயரம், 140 கிலோவுக்கு மேல் எடை. ஹெவிவெயிட் உலக சாம்பியன்களில் இவரைவிடப் பெரிய உருவம் இதுவரை வந்ததில்லை.

இவரோடு 11 மாத இடைவெளியில் இரண்டு பேர் மோதினார்கள். 2008 டிசம்பர் 20 அன்று சூரிச்சில் இவாண்டர் ஹோலிஃபீல்ட். 2009 நவம்பர் 7 அன்று நியூரம்பெர்க்கில் டேவிட் ஹே. இரண்டு தடவையும் பந்தயம், வாலுயெவிடம் இருந்த அதே டபிள்யூபிஏ (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) சாம்பியன் பெல்ட்தான். ஹோலிஃபீல்ட் தோற்றார், ஹே ஜெயித்தார். ஆனால் இரண்டு சண்டையையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், ஒன்றையே இரண்டு முறை பார்த்த மாதிரி இருக்கும்.

காரணம் இருக்கிறது. இரண்டு பேருமே ஹெவிவெயிட்டைவிடக் குறைந்த எடைப்பிரிவான குரூசர்வெயிட்டில் சாம்பியனாக இருந்துவிட்டு மேலே ஏறியவர்கள். வாலுயெவோடு மோதியபோது இருவருக்குமே எடை 100 கிலோவுக்குள்தான். அதாவது எதிராளி 44 கிலோ வாக்கில் கூடுதல். அந்த எடை குத்தில் மட்டும் இறங்காது. கட்டிப்பிடிக்கும்போது அப்படியே மேலே சாய்ந்துகொள்வார், தாங்குகிறவனின் கால் சோர்ந்துவிடும். எட்டி நின்றால் நீண்ட இடது கை ஜாப், அதாவது நேராக நீட்டும் குத்து, வந்து விழும். அப்படியானால் குள்ளமானவன் நிற்க இடம் எது? எங்கேயும் இல்லை. நிற்கவே கூடாது. சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஜாப் தவறிப் போகிற அந்த ஒரு நொடியில் உள்ளே பாய்ந்து, ஒன்றோ இரண்டோ குத்திவிட்டு, அவர் திரும்புவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

ஹோலிஃபீல்ட் செய்தது இதுதான். ஹே செய்ததும் இதுதான்.

[திரையில்: சூரிச் மதிப்பெண்கள். 116-112, 115-114, 114-114.]

சரி, வித்தியாசம் எங்கே? மூன்று நடுவர்கள் கொடுத்ததில் இந்த நடு மதிப்பெண்ணைப் பாருங்கள். ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. யாரும் விழாத 12 ரவுண்டில் 115-114 வர ஒரே வழி, ஒருவருக்கு ஆறு, மற்றவருக்கு ஐந்து, மீதி ஒன்று சமம். அந்த நடுவரிடம் வாலுயெவுக்குப் போன ஒரே ஒரு ரவுண்டு ஹோலிஃபீல்ட் பக்கம் திரும்பியிருந்தால், அவர் கணக்கில் ஹோலிஃபீல்ட் ஜெயித்திருப்பார். மொத்தச் சண்டையும் டிரா. டிராவில் பெல்ட் சாம்பியனிடமே தங்கும் என்பதால் அப்போதும் அது வாலுயெவிடம்தான் இருந்திருக்கும், அது வேறு விஷயம்.

அன்று ஹோலிஃபீல்டுக்கு வயது 46. முடிவைக் கேட்டு அரங்கம் ஊளையிட்டது. நானும் அவருக்குத்தான் கொடுத்திருப்பேன். ஆனாலும் நடுவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஹோலிஃபீல்ட் அழகாகச் சுற்றினார், உள்ளே பாய்ந்தது குறைவு. நிறைய ரவுண்டுகளில் இரண்டு பேருமே ஒன்றும் செய்யவில்லை. அப்படிப்பட்ட ரவுண்டு யாருக்குப் போகும்? முன்னால் நடந்து வருகிறவருக்கு.

ஹேயும் குத்து மழையெல்லாம் பொழியவில்லை. சண்டைக்கு முன்பு விட்ட வாய்ச்சவடாலில் பாதி கூட ரிங்கில் இல்லை. ஆனால் அவருக்கு வயது 29. ஹோலிஃபீல்ட் தலையைச் சாய்த்துத் தப்பித்துக்கொண்ட அதே இடத்தில், ஹே தப்பித்த கையோடு ஒரு குத்தையும் வைத்துவிட்டு வந்தார். வாலுயெவின் ஜாப் காற்றில் போவது கடைசி வரிசைக்கும் தெரிந்தது. இத்தனைக்கும் வலது கை உடைந்துவிட்டதாகச் சண்டை முடிந்ததும் சொன்னார்.

[திரையில்: நியூரம்பெர்க், 12-வது ரவுண்டு. மெதுவாக ஓடட்டும்.]

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். ஹேயின் இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து, விழுகிறது, மலை ஒரு கணம் தள்ளாடுகிறது. இந்தக் குத்துதான் ஜெயிக்க வைத்தது என்று பலர் சொல்வார்கள். மதிப்பெண்ணோ 116-112, 116-112, 114-114. இந்த ரவுண்டை அப்படியே வாலுயெவுக்குத் தூக்கிக் கொடுங்கள். அப்போதும் இரண்டு நடுவர்களிடம் 115-113, ஹேதான் சாம்பியன். பெல்ட் எப்போதோ கைமாறிவிட்டது. அந்த இரவுக்குப் பிறகு வாலுயெவ் தொழில்முறை ரிங்கில் ஏறவே இல்லை.