எட்டும் தூரத்துக் குரல்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பிசானப் பருவ நெல் சாகுபடிக்காகத் தாமிரபரணியின் பாபநாசம் அணை திறக்கப்பட்டது என்ற செய்தி மறுநாளே எல்லா நாளிதழ்களிலும் வந்துவிடும். ஆனால் அந்தத் தண்ணீர் எந்தக் கால்வாயில் எந்த மடைவரை வந்திருக்கிறது, கடைமடைக்காரர் எப்போது நாற்றங்காலை உழலாம் என்பதை எந்த நாளிதழும் எழுதாது. அதைச் சொல்லக்கூடியவர் வாய்க்கால் கரையில் நிற்பவர் ஒருவரே. அவருடைய பேச்சு அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும் என்ற தேவைக்குள்ளேயே, ஒரு வட்டார மக்களுக்காக அவர்களின் பங்கேற்போடு இயங்கும் சிறு நிலையமான சமுதாய வானொலியின் நோக்கம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது என்று நான் கருதுகிறேன்.

நம் ஊர்க் குளம் எவர் ஒருவருக்கும் சொந்தமன்று; அதன் தண்ணீரில் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர் அனைவருக்கும் பங்குண்டு. வானலைகளும் அத்தகைய பொதுச் சொத்துதான் என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரிக்கெட் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை பற்றிய வழக்கில் பிறந்த அந்தத் தீர்ப்பு, சிற்றூர்களின் குரலுக்கும் வழி திறந்தது. சமுதாய வானொலி நடத்த முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக நிலையம் தொடங்கியது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் மையங்களுக்கும் அந்த வாய்ப்பு விரிந்தது. 2008இல் தெலங்கானாப் பகுதியின் மாச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோவும், 2016இல் பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசையும் ஒலிக்கத் தொடங்கின.

இந்த நிலையங்களின் ஒலிபரப்புத் திறனுக்கு விதி வகுத்திருக்கும் பொதுவான உச்ச அளவு 100 வாட். அம்பாசமுத்திரத்தில் அப்படி ஒரு நிலையம் இருந்தால் கல்லிடைக்குறிச்சியிலும் விக்கிரமசிங்கபுரத்திலும் கேட்கும், பாளையங்கோட்டைக்கு எட்டாது. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1963 முதல் ஒலித்துவரும் நம் திருநெல்வேலி வானொலி பல மாவட்டங்களுக்கும் பொதுவாகப் பேச வேண்டிய கடமை உடையது. அதனால் ஒரு வாய்க்காலின் கடைமடையைப் பற்றி அது நாள்தோறும் பேசிக்கொண்டிருக்க முடியாது. பேசுபவரைக் கேட்பவர் நேரில் பார்க்கக்கூடிய தூரத்துக்குள் நிற்கும் நிலையமே அந்த வேலையைச் செய்ய முடியும்.

யார் பேசுகிறார், எந்த மொழியில் பேசுகிறார் என்பதை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். இதை ஒரு தவறு செய்துதான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நிகழ்ச்சிக்காகப் பீடி சுற்றும் ஓர் அம்மாவைச் சந்திக்கப் போயிருந்தேன். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். என்னோடு பேசும்போதும் அவருடைய விரல்கள் நிற்கவில்லை, இலையை உருட்டி நூலைச் சுற்றி முனையை மடக்கிக்கொண்டே இருந்தன. ஒலிப்பதிவைத் தொடங்கியதும், "அம்மா, கொஞ்சம் திருத்தமாகச் சொல்லுங்கள்" என்றேன். உடனே அவருடைய கை நின்றுவிட்டது. அதன்பின் அவர் சொன்னவை எல்லாம் பள்ளிப் புத்தகத்தில் படித்தவை போல இருந்தன. கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தபோது மெல்லச் சொன்னார்: "தம்பி, இலையில பாதி ஓட்டையாத்தான் தாராவ. ஆனா ஆயிரத்துல ஒண்ணு கொறையக் கூடாதுங்காவ." அன்று ஒலிபரப்பாகியிருக்க வேண்டியது அந்த இரண்டு வாக்கியங்கள்தாம். கெட்ட இலைக்கான இழப்பை யார் ஏற்பது என்ற பெரிய கேள்வி அவற்றுக்குள் இருந்தது. நான் திருத்தம் கேட்டதால் அது பதிவாகாமலே போயிற்று. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்று அரசின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அந்தப் பாதி, மக்களின் வாயிலிருந்து வரும் தமிழிலேயே வர வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முக்கூடலிலும் கடையத்திலும் பீடி சுற்றுபவருக்கும் பத்தமடையில் பாய் நெய்பவருக்கும் கண்ணும் கையும் வேலையில் இருக்கின்றன. காது மட்டுமே ஓய்வாக இருக்கிறது. அந்தக் காதுக்கு அவருடைய சொந்தப் பேச்சைக் கொடுப்பது மரியாதையின் முதற்படி.

2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் ஒருசேர அற்றுப்போயின. எந்தப் பாலம் தாங்கும், எந்தக் குளம் உடைந்தது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு கிடைக்கிறது என்பது அந்த இரவில் உயிரோடு தொடர்புடைய தகவலாக இருந்தது. ஒரு சிறிய ஜெனரேட்டரில் இயங்கும் நிலையமும், வீட்டில் ஒரு பேட்டரி ரேடியோவும் அப்போது செய்திருக்கக்கூடிய உதவியை நினைத்தால் மனம் வலிக்கிறது. சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி அறிக்கை தயாரிக்க அனுமதி இல்லை. வானிலை, குடிநீர், மின்தடை, பேரிடர் பற்றிய உள்ளூர்த் தகவல்களைச் சொல்லத் தடையில்லை. செய்திக்கான தடை நீங்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும் இருக்கும் அனுமதியையாவது முழுமையாகப் பயன்படுத்த நாம் முன்னரே பழகியிருக்க வேண்டும், ஏனெனில் வெள்ளம் வந்தபிறகு பழக நேரம் இராது.

லாப நோக்குடைய நிறுவனமோ அரசியல் கட்சியோ இந்த உரிமத்தைப் பெற முடியாது. விளம்பர நேரத்துக்கும் வரம்பு உண்டு. ஆகவே பணத்தட்டுப்பாடு எப்போதும் இருக்கும். அதை ஊரார் பகிர்ந்து தாங்கினால்தான் நிலையம் நிற்கும்.

நம் வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகரான அண்ணாவி ஓர் அடி சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டு, சில வேளை இடைமறித்துக் கேள்வியும் கேட்டுக் கதையை நகர்த்துவார். நிலையத்திலும் அப்படிப் பதில் சொல்ல ஒருவருக்கு நாள்தோறும் இடம் இருக்க வேண்டும். கால்வாய்த் தண்ணீர் ஊருக்கு வந்துவிட்டது என்று இன்று மாலை தவறாகச் சொன்னால், நாளைக் காலையில் கடைமடைக்காரர் சைக்கிளில் வந்து வாசலில் நிற்பார். அவரை உள்ளே அழைத்து, ஒலிவாங்கியின் முன் அமர்த்தி, தண்ணீர் உண்மையில் எந்த மடையில் நிற்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.