பாலாற்று மணலும் பாலைவன எண்ணெயும்: நாம் போடும் பெட்ரோல் குண்டாக மாறுகிறதா?

(காட்சி: காட்பாடி ரோடு, காலை எட்டரை மணி. பெட்ரோல் பங்க்கில் நீண்ட வரிசை.)

வணக்கம். போன மாதம் இந்த மாதிரி ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் இருநூறு ரூபாய்க்குப் போடச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்த இருநூறு எங்க போகுது தெரியுமா? அரபு நாட்டுக்குப் போய், அங்கேருந்து குண்டா திரும்பி வருது" என்றார். பின்னால் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

அவர் சொன்னது உலகம் முழுக்கப் பேசப்பட்ட வாதம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் இதைச் சொல்லாத அரசியல்வாதி குறைவு. விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவுதி குடிமக்கள். 2006-ல் அதிபர் புஷ், நாடு எண்ணெய்க்கு அடிமைப்பட்டுக் கிடக்கிறது, அந்த எண்ணெயும் நிலையில்லாத பகுதிகளிலிருந்து வருகிறது என்று நாடாளுமன்றத்திலேயே பேசினார்.

சரி, இந்த வாதத்துக்கு ஆதாரம் இருக்கிறதா? இருக்கிறது. அதை முதலில் நேர்மையாகப் பார்த்துவிடுவோம்.

லிபியாவின் அதிபர் கடாஃபி எண்ணெய்ப் பணத்தில், பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட அயர்லாந்தின் ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவுக்குக் கப்பல் கப்பலாக ஆயுதம் அனுப்பினார். 1979 கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தபோது, எதிர்த்துப் போரிட்ட முஜாஹிதீன்களுக்கு அமெரிக்கா ஒரு டாலர் கொடுத்தால் சவுதி ஒரு டாலர் கொடுத்தது. 2009 டிசம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு அனுப்பிய ரகசியத் தகவலில், சன்னி தீவிரவாதக் குழுக்களுக்குப் பணம் தருவதில் சவுதியில் உள்ள நன்கொடையாளர்களே முதலிடம் என்று எழுதியிருந்தது. விக்கிலீக்ஸ் வெளியிட்டதால் அது நமக்குத் தெரிய வந்தது. ஆக, பெரியவர் பேச்சில் உண்மையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும்விட நேரடியான உதாரணம் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற தீவிரவாத அமைப்பு.

(காட்சி: பாலைவனத்தில் வரிசையாக நிற்கும் டேங்கர் லாரிகள்.)

2014-ல் சிரியாவின் கிழக்கே அல்-ஓமர் போன்ற எண்ணெய்க் கிணறுகள் ஐ.எஸ். கைக்கு வந்தன. கச்சா எண்ணெய் விற்று ஒரு நாளைக்கு 10 லட்சம் டாலர் அளவுக்குச் சம்பாதிக்கிறார்கள் என்று அந்த ஆண்டு அமெரிக்கக் கருவூலத் துறை மதிப்பிட்டது. இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த எண்ணெயை வாங்கியது யார்?

கிணற்று வாசலில் டேங்கர்காரர்கள் நாள்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். அதைப் பக்கத்து ஊர்களில், அண்டா மாதிரி ஒரு பாத்திரத்தை வைத்துத் தீ மூட்டி, வீட்டுக் கொல்லையிலேயே டீசலாகக் காய்ச்சினார்கள். அந்த டீசல் போனது எங்கே? ரொட்டி சுடும் கடைக்கு, ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு, டிராக்டருக்கு. ஐ.எஸ்.ஸை எதிர்த்துப் போரிட்ட ஆட்களின் ஊருக்கும் அது போனது. ஏனென்றால் அவர்களுக்கு வேறு எரிபொருள் கிடையாது. இங்கே காட்பாடியில் நான் வண்டியை விட்டுவிட்டு நடந்தே போயிருந்தாலும் அந்த வியாபாரத்தில் ஒரு லிட்டர்கூடக் குறைந்திருக்காது.

இதை நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பாலாற்று மணலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் மணல் கிடப்பதால் ஒருவன் ரவுடி ஆவதில்லை. ஆனால் ஊரில் ஏற்கனவே ஒரு ரவுடி இருந்து, மணலை அள்ளினால் கேட்பார் இல்லை என்ற நிலையும் இருந்தால், அந்த மணல் அவனுக்கு முதலில் லாரி வாங்கித் தரும், பிறகு ஆள் சேர்த்துத் தரும், கடைசியில் தட்டிக்கேட்ட அதிகாரி மேல் அந்த லாரியை ஏற்றுகிற துணிச்சலையும் தரும். எண்ணெயும் அப்படித்தான். கையில் கிணறு இருக்கிற ஆட்சியாளனுக்கு மக்களிடம் வரி கேட்க வேண்டிய தேவை இல்லை. வரி கேட்காதவன் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. நார்வேயிலும் எண்ணெய் இருக்கிறது. அவர்கள் 1990-ல் சட்டம் போட்டு, அந்தப் பணத்தைப் பொது நிதியாகச் சேர்த்து, கணக்கை ஊரறிய வைக்கிறார்கள்.

இப்போது மறுபக்கம்.

செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டு நடத்த ஆன மொத்தச் செலவு 4 லட்சம் முதல் 5 லட்சம் டாலர் என்று விசாரணைக் குழு கண்டுபிடித்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2 கோடி ரூபாய். இன்று வேலூரில் ஒரு கல்யாண மண்டபம் கட்ட இதைவிட அதிகம் ஆகும். தாக்குதலை நடத்திய அல்-கொய்தாவுக்குச் சவுதி அரசாங்கம் அமைப்பாகப் பணம் கொடுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும், அல்-கொய்தாவின் பணம் பெரும்பாலும் தனியார் நன்கொடைகளில் இருந்து வந்தது என்றும் அதே குழு சொன்னது. இவ்வளவு சின்னத் தொகையை எண்ணெய் விலையைக் குறைத்துத் தடுக்க முடியுமா? 1998 ஆகஸ்டில் கென்யா, தான்சானியா நாடுகளில் அமெரிக்கத் தூதரகங்களை அல்-கொய்தா தகர்த்து 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த ஆண்டு கச்சா எண்ணெய் பீப்பாய் 15 டாலருக்கும் கீழே கிடந்தது. அதற்கு முன் பல ஆண்டுகளில் இல்லாத சரிவு அது.

2008 நவம்பரில் மும்பைக்கு வந்த பத்து பேர் எந்த நாட்டில் பயிற்சி எடுத்தார்கள்? பாகிஸ்தானில். அதுவும் நம்மைப் போலவே எண்ணெயை வெளியிலிருந்து வாங்குகிற நாடு. இன்னும் கிட்டத்தில் வாருங்கள். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். இங்கிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு முறையும் நாம் கடக்கிற ஊர். அங்கே நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் நம் தொரப்பாடி சிறையில் இருந்தார்கள். இலங்கையில் தமிழர் பட்ட கொடுமை, அங்கே போன இந்திய அமைதிப்படை, அதற்குப் பழிவாங்கல் என்று அதன் காரணங்களைப் பேசினால் நாள் போதாது. அதில் எங்கும் எண்ணெய்க் கிணறு கிடையாது.

அதனால் என் முடிவு இதுதான். எண்ணெய், தீவிரவாதத்தைப் பெற்றெடுப்பதில்லை. தீவிரவாதம் ஏற்கனவே இருக்கும் இடத்தில் அதற்குத் தீவனம் போடுகிறது, சில இடங்களில் நிறையவே போடுகிறது. எண்ணெயைக் குறைக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் குறைத்தால் குண்டு நின்றுவிடும் என்று சொல்வது தவறு. தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டால் தவறான வைத்தியம்தான் கிடைக்கும்.

அந்தத் தவறான பேச்சால் அடி வாங்குவது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

(காட்சி: பேரணாம்பட்டு, ஒரு வீட்டின் முன்வாசல்.)

என் நண்பனின் அப்பா பேரணாம்பட்டுக்காரர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சவுதியின் தம்மாமில் 19 வருடம் டேங்கர் ஓட்டினார். கோடையில் ஸ்டீயரிங்கைத் தொட்டால் கை வெந்துவிடும், துணி சுற்றித்தான் பிடிப்போம் என்பார். பெட்ரோல் பணம் இந்த ஊருக்கு எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டால் அவர் வீட்டைக் காட்டலாம்: மூன்று அறை, ஒரு மாடிப்படி, நர்சிங் படித்த மகள். ஆம்பூரில், வாணியம்பாடியில், மேல்விஷாரத்தில் இப்படி எத்தனை வீடுகள். பங்க் வரிசையில் அந்தப் பெரியவர் பேசியபோது மாமாவும் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு பங்க்குக்குப் போயிருப்பார். இதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

மாமா ஒரு விஷயம் சொன்னார், அது இந்தத் தலைப்புக்கு நேராக வந்து சேர்கிறது. ஆரம்ப காலத்தில் அவர் பணத்தை உண்டியலில்தான் அனுப்பினாராம். அங்கே ஒருவரிடம் ரியாலைக் கொடுத்தால், இங்கே ஒருவர் வீடு தேடி வந்து ரூபாயைக் கொடுப்பார். வெளியில் ஹவாலா என்பார்கள். பேங்க்குப் போக ஒரு நாள் சம்பளம் போகும், ஃபாரம் நிரப்பத் தெரியாது, கமிஷன் அதிகம். அதனால் உண்டியல். நேர்மையான உழைப்புப் பணமும் கொலைகாரனின் பணமும் ஒரே இருட்டுப் பாதையில் போனால் போலீஸுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? தீவிரவாதப் பணத்தைத் தடுக்க வேண்டும் என்றால், மாமா மாதிரி ஆட்களுக்கு வெளிச்சமான பாதையை மலிவாகவும் சுலபமாகவும் ஆக்குங்கள். இருட்டில் மிச்சம் இருப்பவனைப் பிடிப்பது அப்புறம் எளிது. பன்னாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். பாகிஸ்தானை 2018 முதல் 2022 வரை சந்தேகப் பட்டியலில் வைத்தது. அங்கே சில தீவிரவாதக் குழுத் தலைவர்கள் மேல் வழக்கு நகர்ந்தது அந்த நெருக்கடியில்தான். எண்ணெய் வாங்காமல் இருப்பதைவிட இது நேரடியான அடி.

சரி, அப்படியானால் எண்ணெயை ஏன் குறைக்க வேண்டும்? நமக்காக.

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தபோது என்ன நடந்தது? 1,70,000 இந்தியர்களை விமானத்தில் கூட்டிவர வேண்டியிருந்தது. எண்ணெய் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கானது. ஏற்கனவே கடனில் இருந்த அரசாங்கம், அடுத்த ஆண்டு 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. நகையை அடகு வைத்த வீட்டுக்கு அந்த வலி தெரியும்.

கடையை மாற்றினால் போதுமே என்பார்கள். மாற்றிப் பார்த்தோம். 2022-க்கு முன் நம் இறக்குமதியில் ரஷ்ய எண்ணெய் 2 சதவீதம்கூட இல்லை, பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அந்தப் பணமும் ஒரு போர் நடத்தும் அரசுக்குத்தான் போகிறது. காட்டாமணக்கு ஞாபகம் இருக்கிறதா? இருபது வருடம் முன்பு டீசல் காய்க்கும் செடி என்று தரிசு நிலத்தில் நடச் சொன்னார்கள். நட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். கரும்பிலிருந்து எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் 20 சதவீதம் கலப்பதும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பாலாறு வறண்டு கிடக்கிற மாவட்டத்தில் கரும்புக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுப்பது?

எனக்கு நம்பிக்கை தருவது வேறு ஒன்று.

(காட்சி: அணைக்கட்டு பக்கம் ஒரு கிணறு. அருகே துருப்பிடித்த ஆயில் எஞ்சின்.)

இது என் தாத்தாவின் கிணறு. முதலில் இங்கே மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். அப்புறம் இந்த ஆயில் எஞ்சின் வந்தது. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் கரும்புகை கக்கி, நாலு கொல்லைக்குக் கேட்கிற மாதிரி அடித்துக்கொண்டு ஓடும். ஒடுகத்தூர் போய் கேனில் டீசல் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். டீசல் இல்லாத வாரம் நெல் காயும். கரண்ட் சர்வீஸ் கிடைத்த அன்று எஞ்சினைக் கழற்றி ஓரமாக வைத்தார், பிறகு அதைத் தொடவே இல்லை. வட ஆற்காடு முழுக்க ஆயிரக்கணக்கான கிணறுகளில் இதே கதைதான். யாரும் எண்ணெயை வெறுத்து அதைச் செய்யவில்லை. கம்பி வந்தது, செலவு குறைந்தது, மாறினார்கள்.

அதன் விலையையும் மறைக்க மாட்டேன். சுவிட்சைப் போட்டால் தண்ணீர் என்று ஆனதும் கிணறு வற்றியது, போர்வெல் போட வேண்டியதாயிற்று. இனி வரும் மாற்றத்தில் இந்தத் தவறு கூடாது. ராணிப்பேட்டையில் 2021 முதல் மின் ஸ்கூட்டர் தயாராகிறது, நல்ல விஷயம். ஆனால் தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம். 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று நம் ஊர் வழக்கில்தான் உறுதியாகச் சொன்னது. தீர்ந்துபோன பேட்டரியை யார் திரும்ப எடுப்பது என்பதை இப்போதே எழுதி வாங்க வேண்டும், இன்னொரு ஆறு போன பிறகு வேண்டாம்.

அப்புறம், ஸ்கூட்டரோடு நிறுத்தக் கூடாது. நாட்டின் எண்ணெய்ப் பயன்பாட்டில் பெரிய பங்கு டீசல், அதில் நிறையக் குடிப்பது லாரியும் பஸ்ஸும். காட்பாடி வழியாகப் போகிற ரயில் பல பத்தாண்டுகளாகக் கரண்டில் ஓடுகிறது. ராணிப்பேட்டை சிப்காட் சரக்கும் ஆம்பூர் ஷூவும் சென்னைத் துறைமுகத்துக்கு லாரியில் போவதைக் குறைத்து, இந்தப் பாதையில் ஏற்ற வழி செய்தால் மிச்சமாகும் டீசல் நம் ஸ்கூட்டர்களைவிட அதிகமாக இருக்கும். டவுன் பஸ் நேரத்துக்கு வந்தால் பாதிப் பேர் வண்டியை எடுக்கவே மாட்டார்கள். அதைக் கேட்க வேண்டிய இடம் கலெக்டர் ஆபீஸ் மனுநாள், திங்கட்கிழமை காலை.

தாத்தாவின் கிணற்று மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் பல நாள் ராத்திரிதான் வருகிறது. சித்தப்பா டார்ச் எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்கிறார். மானியத்தில் சோலார் பம்ப்புக்கு மனு போட்டிருக்கிறோம். வந்ததும் அதே கிணற்று மேட்டில் நின்று, எவ்வளவு ஆனது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எங்கே சிக்கியது என்று காட்டுகிறேன்.